கார்டு மெஷினும் இரண்டு சதவீதமும்



ஆதிச்சநல்லூர் வழியாகச் செல்லும் திருநெல்வேலி–திருச்செந்தூர் சாலையில் சிறிய கடைகளிலும் இன்று சிம் பொருத்திய கார்டு மெஷினைக் காண்கிறோம். அதனுடன் ஒரு சொல்லும் வந்து சேர்ந்திருக்கிறது: “கார்டு என்றால் இரண்டு சதவீதம் கூடுதல்.” அந்த இரண்டு சதவீதத்தைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம்.

வங்கி பிடிக்கும் கட்டணத்தை வட்டி என்றெண்ணி, மெஷினையே ஒதுக்குவோரும் நம்மிடையே உண்டு. அட்டையைச் செருகியதும் மெஷின் கடைக்காரரின் வங்கியைக் கேட்கிறது. அவ்வங்கி, அட்டை நிறுவனத்தின் வழியாக, வாடிக்கையாளரின் வங்கியைக் கேட்கிறது. சில நொடிகளில் பதில் வருகிறது. கட்டணம் போக மீதிப் பணம் பிறகு கணக்கில் சேர்கிறது. கடைக்காரர் இங்கே கடன் வாங்கவில்லை. செய்த வேலைக்குக் கூலி தருகிறார். வணிகத்தில் பங்கு பிரிந்து போவது இக்கரைக்குப் புதிதும் அன்று. 13-ஆம் நூற்றாண்டில் இக்கடலின் முத்துக்குளிப்பை விவரித்த மார்க்கோ போலோ, வணிகர்கள் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் தந்ததாகச் சொல்கிறார். (மந்திரத்திற்குக் கூலி கூடுமா என்பது வேறு பாடம்.)

2000-ஆம் ஆண்டு ரியாத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, அட்டை வழங்கும் வங்கி வணிகரிடம் கட்டணம் பெறுவதை அனுமதித்தது. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தது: ரொக்கத்திற்கு என்ன விலையோ, அட்டைக்கும் அதே விலை. நம் வணிகர் சிலர் அனுமதியைக் கேட்ட செவியால் நிபந்தனையைக் கேட்கவில்லை.

கணக்கும் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. 2020 ஜனவரி முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் இக்கட்டணமே இல்லை. மற்ற டெபிட் கார்டுகளுக்கு, ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடையில், மெஷின் வழியே பெறும் தொகைக்கு 0.40 சதவீதமே உச்சவரம்பு என ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்தது. ஆயிரம் ரூபாய்க்கு நான்கு ரூபாய்! இருபது ரூபாய் வாங்கினால் மீதிப் பதினாறு எதன் விலை? கிரெடிட் கார்டுக்குத்தான் ஏறத்தாழ இரண்டு சதவீதம் ஆகிறது. அதைக் கடை வாடகை, மின்கட்டணம் போல மொத்தச் செலவில் சேர்த்து, எல்லோருக்கும் ஒரே விலையாக வைக்கலாமே.

இதைவிடக் கடுமையானது ஒன்று உண்டு. பொருள் எதுவும் வாங்காமல் கிரெடிட் கார்டில் பத்தாயிரத்தைத் தேய்த்து, கையில் ஒன்பதாயிரத்து எழுநூறு தருவது. இது வியாபாரமே அன்று. இன்று குறைவாகக் கொடுத்து நாளை கூடுதலாகப் பெறுவதற்கு நம் மார்க்கத்தில் ஒரே பெயர்தான் உண்டு. நடக்காத விற்பனைக்கு ரசீது எழுதுவது தனிப் பொய். கடைகளில் அட்டை வழி ரொக்கம் பெறும் வசதியை ரிசர்வ் வங்கி அனுமதித்திருந்தாலும், அதில் கிரெடிட் கார்டைச் சேர்க்கவில்லை. “உதவிதானே செய்கிறோம்” என்பார்கள். உதவிக்கு முந்நூறு ரூபாய் எதற்கு?

எனினும் கடைக்காரரை மட்டும் கடிந்து பயனில்லை. அப்படித் தேய்க்க வருபவரில் மருத்துவச் செலவுக்கும் பிள்ளையின் கல்விக் கட்டணத்திற்கும் அலைபவர்கள் இருக்கிறார்கள். பத்தாயிரம் ரூபாயை வட்டியின்றி, இரண்டு மாதத் தவணையில், கேட்ட அன்றே தர நம் மஹல்லாவின் பைத்துல்மாலில் ஏற்பாடு உண்டா? அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.