ஓட்டுநரின் உறக்கம்

“ஓட்டுநர் கண் அயர்ந்ததால் லாரி கவிழ்ந்தது.” நாளிதழில் இவ்வரியை எத்தனை முறை படித்திருப்போம்! ‘பொறுப்பற்ற மனிதர்’ என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அவர் அதற்கு முன் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார் என்று கேட்டோமா, நண்பர்களே?

நம் கமுதிப் பக்கத்துச் சீமைக் கருவேலங்கரி லாரி லாரியாக வெளியூர் போகிறது. என் தாய்மாமன் அப்படியொரு லாரியின் ஓட்டுநர். சென்ற விடுமுறையில் அவருடன் சென்னை சென்றேன். விடியற்காலை 5 மணிக்கு எழுந்தவர் பகலெல்லாம் வெயிலில் நின்று மூட்டை எண்ணினார். தார்ப்பாய் இழுத்துக் கட்டினார். வண்டி புறப்படும்போது இரவு 7 மணி. இனிமேல்தான் 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம்! “நாளைக்குக் காலையில இறக்கலேன்னா ஒருநாள் வாடகை போச்சு மருமகனே” என்றார்.

மேலூரை நெருங்கும்போதே அவர் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. அவ்வளவு நேரம் உறங்காதவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்குத் தாழ்வதாக 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டனர். நம் நாட்டுச் சட்டம் வாகனம் ஓட்டுவோருக்கு அனுமதிக்கும் மதுவின் அளவோ 0.03 விழுக்காடுதான். குடித்தவரை ஊதச் சொல்லிப் பிடிக்கலாம். உறங்காதவரை எதை ஊதச் சொல்வது?

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்றும், 5 மணி நேர உழைப்புக்குப் பின் அரைமணி ஓய்வு என்றும் வகுத்தது. சரக்கு ஏற்றி இறக்குவதையும் வேலை நேரமாகவே அது எண்ணியது. கரி ஏற்றும் களத்தில் அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? இரவில் ஓட்ட வேண்டியவரைப் பகலில் உறங்க விட்டு, மூட்டை எண்ண வேறோர் ஆள் வைத்தால் என்ன? ஒரு நாள் கூலிதானே செலவு!

உளுந்தூர்ப்பேட்டை அருகே மணி மூன்று. மாமா முகத்தில் தண்ணீர் அடித்தார். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். இவையெல்லாம் சில நிமிட வித்தை. 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் செருகினால் வண்டி 66 மீட்டர் தானாக ஓடிவிடும். தூக்கத்திற்கு மருந்து தூக்கமே. இருபது நிமிடக் கோழித்தூக்கம்கூடச் சற்று நேரத்துக்கு உதவும். அதற்கு முன் ஒரு டீ குடித்தால், விழிக்கும் நேரத்தில் அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

“நிறுத்துங்க மாமா” என்றேன். “தூங்கினா டீசலை உறிஞ்சிட்டுப் போயிருவான்” என்றார். நான் காவல் இருப்பதாகச் சொன்ன பிறகே பெட்ரோல் பங்க் விளக்கடியில் வண்டியை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கில் தலை சாய்த்த மறுகணமே குறட்டை வந்துவிட்டது. உடன் யாரும் போகாத இரவுகளில் என்ன செய்வார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.