சும்மா இருக்கும் லேப்டாப் ஏன் கொதிக்கிறது?

எந்த மென்பொருளும் திறந்திருக்காது. ஆனால் விசிறி மட்டும் மிக்ஸி போல இரையும். அடியில் கை வைத்தால் சுடும். நண்பர்களிடம் கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "வெயில் காலம், அப்படித்தான் இருக்கும்" என்பது ஒன்று. "பேசாம ஃபார்மேட் பண்ணிடு" என்பது மற்றொன்று. இரண்டுமே நாடி பிடித்துப் பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியம்தான்.

லேப்டாப் இப்படிக் கொதித்தால், பெரும்பாலும் உள்ளே செயலி உழைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உட்கார்ந்திருப்பவர் வேலை கொடுக்கவில்லை என்றால், வேறு யாரோ கொடுக்கிறார்கள். அது யார் என்பதுதான் முதல் கேள்வி.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் உழைக்கும் நிரல் முதலில் வந்து நிற்கும். ('சிஸ்டம் ஐடில் பிராசஸ்' 95 என்று காட்டினால் பதற வேண்டாம். அது ஓய்வின் கணக்கு!)

குற்றவாளி எப்போதும் வைரஸாக இருப்பதில்லை. 2013-ல் விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் பல சும்மா இருக்கும்போதே திணறின. காரணம், மைக்ரோசாஃப்டின் சொந்த அப்டேட் வசதி! பழைய அப்டேட்களின் நீண்ட பட்டியலைச் சரிபார்ப்பதிலேயே செயலி மாட்டிக்கொண்டது. 2017-ல் வந்த காயின்ஹைவ் வேறு ரகம். அந்த நிரலைச் செருகிய தளத்தைத் திறந்து வைத்தாலே போதும், பார்ப்பவரின் கணினியில் மொனேரோ நாணயம் தோண்டப்படும். 2019-ல் அது மூடப்பட்டது.

இந்த இரண்டில் எதையாவது ஃபார்மேட் தீர்த்திருக்குமா? எக்ஸ்பியைப் புதிதாக நிறுவினால் அத்தனை அப்டேட்களையும் மீண்டும் தேட வேண்டும். அந்தத் தளத்தை மறுபடி திறந்தால் தோண்டலும் மறுபடி தொடங்கும். போவது என்னவோ காப்பி எடுத்து வைக்காத புராஜெக்ட்டும் போட்டோக்களும்தான்.

அப்டேட், வைரஸ் சோதனை, தேடல் பட்டியல் தயாரிப்பு போன்றவை வேலையை முடித்ததும் தாமாகவே அடங்கிவிடும். கொஞ்சம் பொறுத்தால் போதும். அடங்காத நிரலின் பெயரைத் தேடிப் பார்த்து, தேவையில்லை என்றால் நீக்கிவிடலாம். பட்டியலில் எல்லாமே ஒற்றை இலக்கத்தில் இருந்தும் சூடு குறையவில்லையா? அப்போது தூசியையும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும், காற்றுத் துளையை அடைக்கும் மெத்தையையும் சந்தேகப்படலாம்.

ஃபார்மேட் கடைசி மருந்து. அதை முதல் மருந்தாகக் கொடுப்பவர் நண்பரோ கடைக்காரரோ, "எந்த நிரல் ஓடுகிறது என்று பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.