தொப்புள்கொடி என்று சொல்லாதீர்கள்

தேர்தல் வந்துவிட்டால் எங்கள் பகுதியில் தொப்புள்கொடிக்குப் பஞ்சம் இருக்காது. ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் வரை எந்தக் கட்சி மேடை போட்டாலும், ஈழத்தமிழர் என்ற சொல் வந்தவுடன் பேச்சாளரின் குரல் தழுதழுத்துவிடும். "அவர்கள் நம் தொப்புள்கொடி உறவுகள்" என்பார். பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, கீழே நிற்கிற நாங்கள் கைதட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன். 2009இல் முள்ளிவாய்க்காலுக்காகக் கவிதை எழுதி மேடை மேடையாக வாசித்தபோது அந்தச் சொல்லை நானே எழுதியும் இருக்கிறேன்.

இப்போது அதைக் கேட்டால் கோபம் வருகிறது. காரணம், என் மாணவி ஒருத்தி.

சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் மின்ரயில் திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று நின்று கும்மிடிப்பூண்டி போகிறது. அங்கே ஒரு முகாம் இருக்கிறது. இந்தப் பக்கம் புழலில் இன்னொன்று. 2021 வரை அகதிகள் முகாம் என்று பெயர். அதன் பிறகு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். இவற்றில் ஒன்றிலிருந்து வருகிறாள் அவள். இரண்டு ஆண்டுகள் என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. வெளியில் அவள் பேசுவது அசல் வடசென்னைத் தமிழ். வீட்டுத் தமிழை முகாம் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவாள். ஒருநாள் இன்டர்னல் தேர்வுக்கு வரவில்லை. திட்டினேன். "முகாம்ல செக்கிங் மேம். ஆள் இல்லைன்னா பதிவை வெட்டிடுவாங்க" என்றாள்.

அதன்பிறகுதான் பேச ஆரம்பித்தோம். அவளுடைய குடும்பம் 1998இல் படகில் ராமேஸ்வரம் வந்தது. அக்காவுக்கு அப்போது ஒரு வயது, அம்மா மடியில் வந்தாள். இவள் 2005இல் இங்கே, பொன்னேரியில் பிறந்தவள். அக்கா எண்ணூரில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஒரு பையனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். மூன்று வயதில் ஒரு மகன்.

"எங்க அக்கா பையன் எந்த நாட்டுக்காரன் மேம்? அவங்க அப்பா இந்த ஊர்தானே?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சந்தேகம் வந்து, வழக்குரைஞரான தோழியிடம் கேட்டேன். அவள் சொன்ன பதிலை இந்தப் புத்தகத்தைப் படிக்கிற ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டும்.

குடியரசான நாளிலிருந்து இந்த மண்ணில் பிறந்த குழந்தை இந்தியக் குழந்தைதான். 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று சட்டத்தை மாற்றினார்கள். 2003இல் மறுபடி திருத்தினார்கள். அது 2004 டிசம்பர் 3இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கவும் கூடாது. உரிய பயணப் பத்திரம் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர் அனைவரும் சட்டவிரோதக் குடியேறிகள். குண்டுக்குத் தப்பி ஓடிவந்தவளா, கடத்தல் செய்ய வந்தவளா என்று அந்த வரையறை கேட்பதில்லை. இந்தியரை மணந்தவர் ஏழாண்டு இங்கே வாழ்ந்த பின் பதிவு செய்து குடியுரிமை கேட்கலாம். அந்த வாசலிலும் சட்டவிரோதக் குடியேறிக்கு இடமில்லை.

அதாவது, ஒரு வயதில் விசா எடுக்காமல் அம்மா மடியில் வந்தது அக்காவின் குற்றம். அந்தக் குற்றம் அவளுடைய கல்யாணத்தைத் தாண்டி, கருவறையைத் தாண்டி, மகனிடம் போய்ச் சேர்கிறது. இங்கே பிறந்து, இங்கே படித்து, கடலையே தாண்டாத என் மாணவியும் அயல்நாட்டவள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றம் வரை போய், பிறந்த தேதியைக் காட்டிப் பாஸ்போர்ட் வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பிறந்திருந்தால் அந்த வாக்கு அவருக்கு இல்லை.

தொப்புள்கொடி வழியாக இந்த நாட்டில் உண்மையாகவே கடத்தப்படுவது இதுதான். மேடையில் முழங்குகிறவர்களுக்கு அது பெண்ணுடம்பில் உள்ள ஓர் உறுப்பு என்பதுகூட நினைவில்லை.

சட்டம் தாய்க்கும் தந்தைக்கும் பொதுவாகத்தானே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கல்யாணமாகி வீடு மாறுகிறவள் பெண். பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் காகிதத்தை நீட்டி நிற்கிறவள் பெண். முகாமில் பதிவு குடும்பம் குடும்பமாக இருக்கிறது. மாதந்தோறும் தரும் பணம் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைக்கு 500. அடிக்கிற புருஷனை விட்டு விலக நினைக்கிறவள் இன்னொரு முகாமுக்குப் போகக்கூட அனுமதி கேட்க வேண்டும். தலைவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

*

என் பாட்டியும் கடல் வழியாக வந்தவள்தான். பர்மாவில் 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபோது தாத்தாவின் கடை போயிற்று. ரங்கூனில் கப்பலேறும்போது சோதனையில் கழுத்துச் சங்கிலியைக் கழற்ற வைத்தார்கள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது கையில் ஒரு டிரங்குப் பெட்டியும் மூன்று பிள்ளைகளும். அரசு அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றது. கடன் கிடைத்தது, எண்ணூர்ப் பக்கம் குடியிருக்க இடம் கிடைத்தது. வாக்கு கிடைத்தது. என் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. நான் முனைவர் பட்டம் வாங்கினேன். பீச் ஸ்டேஷன் அருகே இன்று நீங்கள் வரிசையில் நின்று சாப்பிடும் அத்தோ எங்கள் பாட்டிகள் கொண்டுவந்தது.

என் மாணவியின் அம்மாவுடைய தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மலையகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். இலங்கை 1948இல் அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று ஆட்டுமந்தையைப் போலப் பங்கு பிரித்தது. 1977 கலவரத்தில் அடிபட்டு அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டு வன்னிக்கு ஓடியது. அங்கே போர் துரத்த ராமேஸ்வரத்துக்கு.

இரண்டு குடும்பங்களும் இதே தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவை. இரண்டும் துரத்தப்பட்டு வந்தவை. என் பாட்டியை எதிர்பார்த்து அரசு ஒரு காகிதம் எழுதி வைத்திருந்தது, அவளுடைய அம்மாவுக்கு எழுதவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். நான் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பதில் என் திறமையின் பங்கு எவ்வளவு என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

*

1983 முதல் 2010 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள். இன்றும் சுமார் 58,000 பேர் முகாம்களில் இருக்கிறார்கள். காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வாழ்கிறவர்கள் 30,000க்கும் மேல். இத்தனை ஆண்டுகளில் இந்தியா அகதிகளுக்கென ஒரு சட்டம் இயற்றவில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் 1967 நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை.

2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகள், ஆறு மதங்கள். இஸ்லாமியர் இல்லை, இலங்கையும் இல்லை. 2020 பிப்ரவரி 14 இரவு பழைய வண்ணாரப்பேட்டையில் தடியடி நடந்த பிறகு, இஸ்லாமியப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பும்வரை எழுந்திருக்கவில்லை. நானும் மாணவிகளோடு போய் உட்கார்ந்தேன். "வூட்ல பொறந்தவ நானு. பர்த் சர்டிபிகேட்டுக்கு எங்கம்மா போவேன்?" என்று ஒரு பாட்டி கேட்டார். காகிதம் கேட்கிற எந்தச் சட்டமும் முதலில் பெண்ணிடம்தான் போய் நிற்கும். வீட்டில் பிறந்தவள், கல்யாணத்தில் பெயரின் பின்பாதி மாறியவள், சொத்தில் பெயரே இல்லாதவள் அவள்தான்.

2025இல் குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம். 1946ஆம் ஆண்டு அயல்நாட்டவர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உரிய பத்திரம் இல்லாமல் நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். இதிலும் அகதிக்கென்று தனி நிலை இல்லை. கூடவே வந்த ஆணையில், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு விலக்கு தந்திருக்கிறார்கள். நல்லது, சிறைக்குப் போக மாட்டார்கள். ஆனால் குடியுரிமை பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தேதிக்குப் பின் வந்தவர்கள்? 2022 மார்ச் 22 அன்று, பால்மாவுக்கும் அரிசிக்கும் வழியற்று 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கினார்கள், கைக்குழந்தைகளோடு. தொடர்ந்து இன்னும் பல குடும்பங்கள். அவர்கள் இந்த விலக்குக்குள் வரமாட்டார்கள்.

2025 மே மாதம், திருப்பி அனுப்பினால் ஆபத்து என்று கெஞ்சிய ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், இது தர்மசத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் இங்கேதான் இருக்கிறார்கள். சத்திரத்தில் இடம் கேட்டு யாரும் வரவில்லை, நீதிபதி அவர்களே, நீதிமன்றத்துக்குத்தான் வந்தார்கள். சட்டத்தின் முன் வரும் உயிர் குடிமகனுடையதா என்று பார்க்காமல் காக்க வேண்டியது அரசின் கடமை என்று 1996இல் சக்மா அகதிகளின் வழக்கில் சொன்னதும் இதே நீதிமன்றம்தான்.

*

தமிழ்நாடு அரசு செய்திருப்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ரேஷன் உண்டு, படிப்பு உண்டு, 2021இல் 7,469 வீடுகள் அறிவித்தார்கள். ஆனால் அவை எல்லாம் இரக்கத்தால் வந்தவை. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் 1991இல் இதே மண்ணில் அகதிப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு மூடப்பட்டது; திறக்க 1996 ஆயிற்று. இடைப்பட்ட ஐந்தாண்டில் பதினேழு வயதாக இருந்த பெண்கள் எல்லாம் என்ன ஆனார்கள்? கல்யாணம் ஆனார்கள். வேறென்ன ஆவார்கள்?

இரக்கத்தில் வாழ்வது என்றால் என்னவென்று பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்த வீட்டில் "உனக்கு இல்லாத இடமா" என்பார்கள். பட்டாவில் பெயர் இருக்காது. அண்ணன் நல்லவனாக இருந்தால் போதுமென்று விட்டிருந்தால், 1989இல் பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்திருக்க வேண்டாம். நமக்குச் சட்டம் கேட்ட நாம், முகாமில் இருக்கிறவளுக்கு மட்டும் நல்ல அண்ணன் போதும் என்கிறோம்.

ஆண்டுதோறும் சிலப்பதிகாரத்தில் 'அடைக்கலக் காதை' நடத்துகிறேன். மதுரைக் கோட்டைக்கு வெளியே, கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் இடம். மாதரி தன் வீட்டையும் தன் மகளையும் கண்ணகிக்குத் துணையாகத் தந்தாள். மனத்தில் ஒரு குறையும் இல்லை அவளுக்கு. ஆனாலும் வெளியூர்க்காரனான கோவலனை அரண்மனை விசாரிக்காமல் கொன்றது. அடைக்கலம் காக்க முடியாத மாதரி தீயில் விழுந்தாள். இத்தனை நாள் அவளுடைய அன்பையே விளக்கிக்கொண்டிருந்தேன். இந்த ஆண்டு என் மாணவி மூன்றாவது பெஞ்சில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, விசாரணை இல்லாத அரண்மனையைப் பற்றி அதிக நேரம் பேசினேன். மாதரிகளுக்கு இங்கே குறைவில்லை. முகாம் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டும் ஆசிரியைகளை எனக்குத் தெரியும். அவர்களால் பாஸ்போர்ட் தர முடியாது.

தமிழச்சி என்பதற்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. என் பாட்டி வந்த அதே பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட ரோஹிங்கியாப் பெண்கள் கேளம்பாக்கத்தில் குப்பை பொறுக்கிப் பிழைக்கிறார்கள். அவர்களை மறந்துவிட்டு நம்மவளுக்கு மட்டும் கேட்டால், மதம் பார்த்த சட்டத்துக்கும் இனம் பார்க்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

நமக்கு ஓர் அகதிச் சட்டம் வேண்டும். பெண் என்பதற்காகத் துரத்தப்படுவதும் துரத்தல்தான் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். 1951 உடன்படிக்கை இனம், மதம், தேசம், சமூகக் குழு, அரசியல் கருத்து என்று ஐந்து காரணங்களைச் சொன்னது. பெண் என்பதைச் சொல்லவில்லை. சமூகக் குழு என்ற ஒரு சொல்லுக்குள் தங்களை நுழைத்துக்கொள்ளப் பெண்கள் உலகெங்கும் வழக்காடுகிறார்கள். அமெரிக்காவில் 2018இல் புருஷனின் அடிக்குத் தப்பி வந்தவளுக்குக் கதவை அடைத்தார்கள், 2021இல் திறந்தார்கள். ஆப்கன் பெண்ணுக்கு அவள் பெண்ணாகவும் ஆப்கானியராகவும் இருப்பதே போதும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்ல 2024 அக்டோபர் ஆயிற்று. நாம் புதிதாக எழுதப்போகிறோம். அந்தப் பிழையையும் சேர்த்து எழுத வேண்டாம்.

உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று அதில் இருக்க வேண்டும். வந்த தேதியைக் கொண்டு வலியை அளக்கக் கூடாது. பதிவு ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் பெயரில் தனியாக இருக்க வேண்டும். குடியுரிமைச் சட்டத்தையும் திருத்தி, இங்கே பிறந்த குழந்தையை இங்குள்ள குழந்தையாக ஏற்க வேண்டும்.

அடுத்த முறை நம் தெருவில் மேடை போடுவார்கள். தொப்புள்கொடி என்று தொடங்குவார்கள். அப்போது கைதட்டாமல், எண்ணூரில் இருக்கும் அந்த மூன்று வயதுப் பையன் எந்த நாட்டுக்காரன் என்று கேளுங்கள். என் மாணவிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.