இடைநிலையிற் கைவிடப்பட்ட மொழி: பல்கலைக்கழகங்களிற் பிலிப்பினோ

ஒரு மொழி பல்கலைக்கழகத்தினுள் நிலைபெறுமா, அன்றேல் வாயில்வரை வந்து திரும்பிவிடுமா என்பதைத் தீர்மானிப்பது அம்மொழியின் தொடக்க வகுப்பன்று. அதில் நிகழும் உயர் ஆராய்ச்சியுமன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட வகுப்பே அதனைத் தீர்மானிக்கின்றது. தொடக்க வகுப்பு வணக்கம் கூறவும் விலை கேட்கவும் கற்பிக்கின்றது. உயர் ஆராய்ச்சி விரல்விட்டு எண்ணத்தக்க சிலரின் துறை. இடைநிலை வகுப்போ, வீட்டிலும் தெருவிலும் வழங்கும் மொழியைக்கொண்டு வாதிடவும் வரையறுக்கவும் ஐயுறவும் ஒரு தலைமுறையையே பயிற்றுகின்றது. இவ்விடைநிலையை வெட்டியெறிந்தால் எஞ்சுவது யாது என்பதைப் பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மொழியாகிய பிலிப்பினோவுக்கு அந்நாட்டு உயர்கல்வியில் நேர்ந்த கதி தெளிவாகக் காட்டுகின்றது.

அக்கதியை விளங்கிக்கொள்வதற்குச் சிறிது பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 1898 ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி, இரண்டு கோடி டொலர் கொடுத்து ஸ்பெயினிடமிருந்து அத்தீவுகளைப் பெற்ற அமெரிக்கா, 1901 இல் ஆங்கிலத்தைப் பாடசாலைகளின் போதனாமொழியாக்கிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் 'தோமஸ்' என்னும் கப்பலில் ஐந்நூறுக்கு மேற்பட்ட அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்திறங்கினர். துப்பாக்கி தொடங்கி வைத்ததைப் பாடப்புத்தகம் தொடர்ந்தது. 1908 இல் தோன்றிய பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தையே மூச்சாகக் கொண்டு வளர்ந்தது. 1937 டிசெம்பரில் ஜனாதிபதி மனுவெல் கெசோன் தாகலொக் மொழியைத் தேசிய மொழியின் அடிப்படையாகப் பிரகடனஞ் செய்தார். அம்மொழி 1959 இல் 'பிலிப்பினோ' என்பதன் முந்திய வடிவமான 'பிலிபினோ' என்ற பெயரைப் பெற்றது. 1987 ஆம் ஆண்டு அரசியலமைப்பு பிலிப்பினோவைத் தேசிய மொழியென அறுதியிட்டு, கல்வியிற் போதனாமொழியாக அதனைப் பயன்படுத்த அரசு முயற்சியெடுத்தல் வேண்டுமென்றும் விதித்தது.

இத்துணை விதிகளின் பின்னரும் நிகழ்ந்தது யாது? 2013 இல் அந்நாட்டின் உயர்கல்வி ஆணைக்குழு, 20 ஆம் இலக்கச் சுற்றறிக்கையின் மூலம் பட்டதாரிகளுக்கான பொதுக்கல்விப் பகுதியை 36 அலகுகளாகச் சுருக்கியது. அதன் எட்டு மூலப்பாடங்களுள் பிலிப்பினோ மொழிக்கோ அதன் இலக்கியத்துக்கோ இடமிருக்கவில்லை. பாடங்களை ஆங்கிலத்திலோ பிலிப்பினோவிலோ கற்பிக்கலாம் என்ற சலுகை மட்டும் ஏட்டில் எழுதப்பட்டது. அவ்வெட்டனுள் ஒன்று 'தன்னையறிதல்' என்பதாகும். தன்னை எம்மொழியில் அறிவது என்ற வினா மாத்திரம் எவர் மனத்திலும் எழவில்லைப் போலும்!

2014 இல் மணிலாவின் விரிவுரையாளரும் மாணவரும் எழுத்தாளரும் ஒன்றுகூடி 'தங்கோல் வீக்கா' என்னும் மொழிக் காப்பு இயக்கத்தைத் தோற்றுவித்தனர். இராணுவச் சட்டக் காலத்திற் சிறையிருந்தவரும் தேசியக் கலைஞர் என்னும் விருது பெற்றவருமான திறனாய்வாளர் பியென்வெனிதோ லும்பேரா அதன் முன்னணியில் நின்றார். 2015 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சுற்றறிக்கையின் அப்பகுதிக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2018 ஒக்டோபரில் அதே நீதிமன்றம் தடையை நீக்கிச் சுற்றறிக்கையை ஏற்றுக்கொண்டது. 2019 இல் மீளாய்வு மனுவும் தள்ளுபடியாயிற்று. சுற்றறிக்கை குறைந்தபட்ச அளவையே வகுக்கின்றது, விரும்பிய நிறுவனங்கள் பிலிப்பினோவைக் கூடுதலாகக் கற்பிக்கலாம் என்பது நீதிமன்றம் காட்டிய சமாதானம். சட்டநோக்கில் இது பிழையன்று எனலாம். ஆயின், எதனைக் கட்டாயமாக்குவது, எதனை விருப்பத்துக்கு விடுவது என்ற தெரிவிலேயே ஒரு கல்விமுறை தன் மனத்தைத் திறந்து காட்டிவிடுகின்றது. விருப்பத்துக்கு விடப்படுவது, செலவைக் குறைக்க வேண்டிய நாளில் முதலில் விடப்படுவதாகும்.

சுற்றறிக்கையை ஆதரிப்போரின் முதல் வாதம், பிலிப்பினோ பாடசாலையிலேயே கற்பிக்கப்படுகின்றது என்பதாகும். 2013 ஆம் ஆண்டுச் சட்டம் பாடசாலைக் கல்வியை இரண்டு ஆண்டுகள் நீட்டியபோது, பல்கலைக்கழகத்திற் கற்பிக்கப்பட்டது அவ்வாண்டுகளுக்கு மாற்றப்பட்டதாம். மேலும், தாய்ப்பாலோடு பெற்ற மொழியைப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் கற்பானேன் என்றும் வினவுவர். இவ்வாதம் கேட்பதற்கு இனிது; உள்ளே வெறுமை. ஆங்கிலமும் பாடசாலையிற் கற்பிக்கப்படுவதே. அதற்காக ஆங்கிலம் பட்டப்படிப்பின் வாயிலில் நிறுத்தப்பட்டதா? அறிவியலும் கணிதமும் பாடசாலையிற் கற்பிக்கப்படுகின்றன என்பதற்காக அவை பல்கலைக்கழகத்துக்கு வேண்டாதவை ஆகிவிடுமா? ஒரு மொழிக்கு மட்டும் இத்தருக்கம் பிரயோகிக்கப்படுமாயின், அம்மொழியிற் சிந்திப்பதற்கு எதுவுமில்லை என்னும் முடிவு முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது என்பதே பொருள்.

பிலிப்பினோவின் இடைநிலைப் பாடநெறியிற் கற்பதற்கு யாதுளது என்று கேட்போருக்கு அம்மொழியே விடை கூறும். 'பிலி' என்பது வாங்குதலைக் குறிக்கும் வினையடி. வாங்கியவனை முன்னிறுத்தினால் அது 'புமிலி' ஆகும். வாங்கிய பொருளை முன்னிறுத்தினால் 'பினிலி'. யாரிடம் வாங்கப்பட்டதோ அவரை முன்னிறுத்தினால் 'பினில்ஹன்'. யாருக்காக வாங்கப்பட்டதோ அவரை முன்னிறுத்தினால் 'இபினிலி'. வீட்டில் இம்மொழி பேசி வளர்ந்தவர் இவ்வடிவங்களைத் தவறின்றி வழங்குவர். ஒரு செயலை நால்வர் நிலையினின்று நான்காக நோக்க வல்ல இக்கருவியை ஒரு வாதத்தை அமைப்பதற்கு எங்ஙனம் பயன்படுத்துவது என்பது வீட்டிற் கற்கக்கூடியதன்று.

சொற்பொருளும் இவ்வாறே. 'உதாங் நா லோஒப்' என்பதைத் தொடக்க நூல்கள் நன்றிக்கடன் என்று பெயர்த்துவிட்டு அப்பாற் செல்லும். 'லோஒப்' என்பது அகம் என்ற பொருளது. துணிவு என்பது அகத்தின் வலிமை. மனத்தாங்கல் என்பது அகத்தின் கேடு. ஒருவர் தாமே முன்வந்து செய்வது அகத்தினின்று தானே எழுவது. இச்சொற்குடும்பம் முழுவதையும் அறிந்தவரே, கடன் என்பது அச்சமூகத்தின் அகத்தில் ஏன் வேர்கொண்டது, நிலக்கிழாரும் அரசியல்வாதியும் அதனை எங்ஙனம் வாக்காகவும் அடிமைத்தனமாகவும் மாற்றிக்கொள்கின்றனர் என்றெல்லாம் கேட்க வல்லவர். நடனமும் உணவும் காட்டிப் பண்பாடு கற்பித்தாயிற்று என மனநிறைவு கொள்ளும் வகுப்பிலே இக்கேள்வி ஒருபோதும் பிறவாது.

தமிழறிந்தார்க்கு உடனே விளங்கும் எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. பிலிப்பினோவிலும் அவ்வாறே, கேட்போரை உள்ளடக்குவது 'தாயோ'. கேட்போரை விலக்குவது 'காமி'. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரு சொல்லே உளது. இவ்வேறுபாடு வெறும் இலக்கணச் செய்தியன்று. வரலாற்றாசிரியர் சேயுஸ் சலசார், 'தாயோ' என்ற இச்சொல்லினின்றே 'பன்தாயோங் பனனவ்' என்னும் வரலாற்று நோக்கினைப் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்தார். அந்நியருக்கு விடையிறுக்கும் பாங்கில் 'நாங்கள் இத்தகையோர்' என்று எழுதும் வரலாறு வேறு. தம்முட் பேசும் மக்கள் 'நாம்' என்று எழுதும் வரலாறு வேறு என்பது அந்நோக்கின் அடிப்படை. இக்கருத்து ஆங்கிலத்திற் பிறந்திருக்க முடியாது. அதனைப் பிறப்பிக்கும் சொல் ஆங்கிலத்தில் இல்லை. இங்ஙனமே உளவியலாளர் விர்ஹிலியோ என்றிக்கெஸ், 1970களில் அமெரிக்காவிற் பட்டம்பெற்றுத் திரும்பியபின், 'கப்வா' என்னும் சொல்லைக் கருவாகக் கொண்டு பிலிப்பினோ உளவியலைத் தோற்றுவித்தார். பிறனைத் தன்னினின்று பிரிக்காது தன்னோடு ஒன்றாகக் காணும் பொருளது அச்சொல். சந்தையில் வழங்கிய இச்சொற்கள் ஆய்வுச்சொற்களானது பல்கலைக்கழகத்தினுள் அம்மொழியிற் பேசவும் எழுதவும் களமிருந்தமையாலன்றோ?

அறிவியலைச் சுமக்க இத்தகைய மொழிகளுக்கு ஆற்றலில்லை என்பாரும் உளர். ஐம்பதாண்டுகள் வகுப்பிற் புகவிடாது வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே நடமாடத் தெரியவில்லையே என்று குறைகூறுவது நியாயமாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, அதே அமெரிக்காவிலிருந்து வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். கலைச்சொற்கள் காத்திருந்து பின்னர் வகுப்பு தொடங்கவில்லை. வகுப்பு தொடங்கியமையாற் கலைச்சொற்கள் பிறந்தன.

மூன்றாவது வாதம் வயிற்றைப் பற்றியது. பிலிப்பைன்ஸ் நாட்டின் தாதியரும் கப்பலோட்டிகளும் அழைப்பு நிலைய ஊழியரும் ஆங்கிலத்தாலேயே பிழைக்கின்றனர் என்பர். பிழைப்பை இகழ்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆங்கிலத்தை அகற்றுமாறு மொழிக் காப்பு இயக்கத்தார் கேட்டதுமில்லை. அவர்கள் கேட்டது வாரத்திற் சில மணித்தியாலங்கள். அதனையும் மறுக்கும் கல்விமுறை, தன் பட்டதாரிகளை ஏற்றுமதிப் பண்டமாகவே கருதுகின்றது. கற்றோரின் மொழி ஆங்கிலமாக இருக்கும்வரை, கற்றவரும் பொதுமக்களும் ஒருவரையொருவர் அறியாத இரு சாதியினராகவே வாழ்வர் என்பதை ரெனாத்தோ கொன்ஸ்தான்தீனோ 1966 இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்துரைத்தார். அன்று அது எச்சரிக்கை. இன்று அது நிலைமையின் விவரணம்.

இவற்றுளெல்லாம் கனமான வாதம் ஒன்றுண்டு. அதனை எளிதில் ஒதுக்கலாகாது. பிலிப்பினோ என்பது பெயர் மாற்றிய தாகலொக்கே, அதனைக் கட்டாயமாக்குவது செபுவானோ, இலொக்கானோ முதலிய நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளைப் பேசுவோர்க்கு இழைக்கும் அநீதி என்பதே அது. ஒரு மொழியை அரசாணையால் உயர்த்தும்போது ஏனையவற்றுக்கு யாது நேருமென்பதை, 1956 ஐக் கண்ட இலங்கைத் தமிழருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும், சுற்றறிக்கையின் பயன் செபுவானோவுக்குச் சென்றதா என்று பார்த்தல் வேண்டும். பிலிப்பினோ வெளியேறிய இடத்தில் செபுவானோ அமரவில்லை. முன்னரே வீற்றிருந்த ஆங்கிலம் இன்னும் வசதியாகக் காலை நீட்டிக்கொண்டது. 2024 இல் நிறைவேறிய சட்டமொன்று, ஆரம்ப வகுப்புகளிற் பிள்ளைகளின் தாய்மொழியைப் போதனாமொழியாக்கும் ஏற்பாட்டையும் நீக்கிவிட்டது. பிரதேச மொழிகளுக்காக உருகியோரின் உருக்கம் எத்தகையது என்பதை இது காட்டும். 1987 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பிலிப்பினோ அந்நாட்டின் ஏனைய மொழிகளைக் கொண்டு வளம்பெறல் வேண்டும் என்கின்றது. செபுவின் மாணவனும் இலொக்கோஸின் மாணவியும் தத்தம் சொற்களைக் கொணர்ந்து அம்மொழியைத் தாகலொக்கரின் தனியுடைமையாகாது காக்கத்தக்க இடம் பல்கலைக்கழக இடைநிலை வகுப்பேயாகும். நோய்க்கு மருந்தாகத்தக்க இடத்தையே நோயென்று மூடிவிட்டனர்.

கடல் கடந்த நிலைமை இம்முரணை இன்னும் கூர்மையாக்குகின்றது. 1968 இல் சான் பிரான்சிஸ்கோ அரச கல்லூரியில் ஏனைய சிறுபான்மை மாணவரோடு வேலைநிறுத்தஞ் செய்த பிலிப்பினோ மாணவர், தம் மக்களின் வரலாறும் பண்பாடும் பாடமாதல் வேண்டுமெனப் போராடினர். ஹாவாய்ப் பல்கலைக்கழகத்தில் பிலிப்பினோவும் இலொக்கானோவும் கற்பிக்கப்படுகின்றன. 2023 இல் ஹாவாட் பல்கலைக்கழகமும் தாகலொக் வகுப்பைத் தொடங்கிற்று. பாட்டியாரின் பேச்சு விளங்கியும் மறுமொழி கூற நாவெழாத புலம்பெயர் பேரப்பிள்ளைகள் இவ்வகுப்புகளை நாடி வருகின்றனர். அவர்களுக்கு வேண்டியது தொடக்க வகுப்பன்று, இடைநிலை வகுப்பே. அயல்நாட்டிற் போராடிப் பெறப்படுவது சொந்த நாட்டிற் சுற்றறிக்கையால் விலக்கப்படுகின்றதென்றால், அதனை நவீனமயமாக்கம் என்றழைப்பது சொல்லுக்குச் செய்யும் துரோகமாகும்.

ஒரு மக்கள் கூட்டத்தின் மொழிக்கு விழாமேடையில் மாலை சூட்டுவது எளிது; பிலிப்பைன்ஸிலும் ஒவ்வோராண்டும் ஓகஸ்ட் மாதம் தேசிய மொழி மாதமாகக் கொண்டாடப்படுகின்றது. கொண்டாட்டத்தால் மொழி வாழ்வதில்லை. கட்டாயப் பாடநெறி, அதற்கு நிரந்தர விரிவுரையாளர், அம்மொழியில் எழுதப்பட்டு அம்மொழியிலேயே மதிப்பிடப்படும் கட்டுரைகள் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில், மாலை பிணத்தின்மீது இடப்பட்டதற்கே ஒப்பாகும். பிலிப்பைன்ஸ் விரிவுரையாளர்கள் நீதிமன்றத்தில் தோற்றிருக்கலாம். ஆனால் நீதிமன்றம் விட்டுவைத்த அந்த 'விரும்பினால்' என்னும் சொல் ஒவ்வொரு பல்கலைக்கழகப் பேரவையின் மேசைமீதும் இன்னும் கிடக்கின்றது. அதனை விரும்பச் செய்வது அங்குள்ள மாணவரின் கடன். 'நாம்' என்று சொல்லத் தெரிந்த மொழியைக் கைவிட்டவர்கள், இறுதியில் 'நாங்கள்' என்றே அந்நியருக்கு விடையிறுத்துக்கொண்டிருப்பர்.