மாறியது எது?

கண்ணமங்கலத்து வைதீகரும் நோய் முற்றினால் வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுகின்றார். ஓடும்போதே, "பாதிரிகள் நம் ஜனங்களை மாற்றிவிட்டார்கள்" என்று ஏசிக்கொண்டும் போகின்றார். எதை மாற்றினார்கள் என்று கேட்கின்றோம்.

1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று புருஷர்கள், அமெரிக்க மிஷனரியின் மகளான ஐடா ஸ்கடர் அம்மையாரிடம் வந்து, பிரசவ வேதனையிலிருக்கும் தம் மனைவியைக் காப்பாற்றும்படி கேட்டார்கள். அம்மையாரோ அப்போது வைத்தியம் படிக்காதவர். டாக்டரான அவர் தகப்பனார் வரத் தயாராயிருந்தும், அந்நிய ஆண் தொடலாகாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம். மதம் வேறானாலும் மூடத்தனம் ஒன்றாயிருந்தது. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டார்கள். கொன்றது பிரசவமா, ஆசாரமா?

மிஷனரியாக மாட்டேன் என்றிருந்த அம்மையாரே அன்று மாறினார். வைத்தியம் படித்து 1900-இல் திரும்பினார். 1918-இல் வேலூரில் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி திறந்தார். பெண்களைக் காப்பாற்றியது அந்தப் படிப்பேயொழிய ஞானஸ்நானமல்ல.

மதம் மாறினவர்கள் சங்கதி என்ன? சபையில் ஜாதி கூடாதென்று பிஷப் டானியல் வில்சன் 1833-இலேயே உத்தரவிட்டார். இன்றும் சில ஊர்களில் கிறிஸ்தவர் கல்லறைகூட ஜாதிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றது! செத்த பிணத்துக்கும் தீட்டா?

ஆகவே தோழர்களே! எவன் எந்தச் சாமியை விட்டு எந்தச் சாமிக்குப் போனான் என்று எண்ணாதீர்கள். அவன் வீட்டுப் பெண் படித்தாளா, அவன் அடுத்தவனோடு சமமாய் உட்கார்ந்தானா என்று பாருங்கள். அதுவே மாற்றம், மற்றது வெறும் சட்டை மாற்றமே.