விளைச்சலில் ஒரு பங்கு

உழவர் விதைக்கும்போது தனித்தே நிற்கின்றனர். அறுவடையின்போதுதான் அவர்களைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. விலை வீழ்ந்தால் அக்கூட்டமும் கலைந்துவிடும். குளிர்நாடுகளில் இதற்குக் கண்டுள்ள ஒரு வழியை நம் வட்டாரத்தோடு பொருத்திப் பார்த்தல் தகும்.

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் ஆண்டில் ஏறத்தாழ ஐந்து மாதங்களே திறந்த வயலில் காய்கறி விளையும். எஞ்சிய காலம் பனியும் உறைந்த மண்ணுமே. 1986-ஆம் ஆண்டளவில் அங்கு இரு பண்ணைகள் புதுமுறை ஒன்றைத் தொடங்கின. ஊரார் சிலர் விதைப்புக்கு முன்னரே பருவம் முழுமைக்கும் பணம் செலுத்தியோ உறுதியளித்தோ பண்ணையின் பங்காளர் ஆயினர். விளைந்தது எதுவோ அதனை வாரந்தோறும் பகிர்ந்துகொண்டனர். இன்று இம்முறையைப் பின்பற்றும் பண்ணைகள் பல, கோடையில் கீரையும் தக்காளியும் தருகின்றன. பனிக்காலத்தில் சேமித்து வைத்த உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோசு ஆகியவற்றைத் தருகின்றன. ஆலங்கட்டி மழையில் பயிர் அழிந்தால் கூடையின் எடை குறையும். இழப்பு முழுவதும் உழவர் தலையில் விழாது. ஜப்பானில் 'தெய்கெய்' என்னும் பெயரில் 1970-களிலேயே இதையொத்த ஏற்பாடு பரவியிருந்தது.

ரெட்டிபாளையத்தில் ஒருபுறம் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும். மறுபுறம் மானாவாரி நிலம். மாதச் சம்பளம் பெறுவோரும் மழையை நம்பி வாழ்வோரும் ஒரே சாலையில்தான் செல்கின்றனர். ஆயினும் இருவர்க்கும் இடையே தரகும் லாரியும் நிற்கின்றன. பெரம்பலூர் வட்டாரம் சின்ன வெங்காயத்திற்குப் பெயர்பெற்றது. அடைமழையில் நோய் தாக்கினும், பட்டறையில் காத்துவைத்தது அழுகினும், அது உழவர் ஒருவருடைய நட்டமே.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கப்பெற்ற உழவர் சந்தைத் திட்டம் இடைத்தரகரை விலக்கியது; அது பெரும்பணி. எனினும் அது விளைந்த பின்னர் கிட்டும் துணையே. முன்பணம் நமக்குப் புதிதா எனச் சிலர் வினவலாம். வியாபாரி தரும் முன்பணம் கடன். பயிர் பொய்த்தாலும் கடன் பொய்க்காது.

இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் 'ஸலம்' என்னும் முறை உண்டு. விலை முழுவதையும் முன்னரே தந்து, பொருளின் அளவு, தரம், தவணை ஆகியவற்றை வரையறுத்தல் வேண்டும். ஆனால் குறிப்பிட்ட ஒரே வயலின் விளைச்சலை இவ்வாறு விற்பதைச் சட்ட அறிஞருள் பெரும்பாலோர் ஏற்பதில்லை. அவ்வயல் பொய்த்துப் போகலாம் என்பதே காரணம். ஆகவே பங்கு முறையை விற்பனையாகக் கொள்ளாது, இலாபமும் இழப்பும் இருசாரார்க்கும் உரிய கூட்டாக அமைப்பதே பொருந்தும் என்பது என் கருத்து. மார்க்க அறிஞர்கள் இதனை ஆய்ந்து கூறுவார்களாக.

உண்மையான இடர் சட்டத்தில் இல்லை, சமையலறையில் இருக்கிறது. இப்போது நாம் சமையலை முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போகிறோம். இம்முறையில் கூடை வந்த பின்னரே சமையலை முடிவு செய்தல் வேண்டும். மூன்றாம் வாரமும் சுரைக்காயே வந்தால் முகம் சுளிக்காத வீடுகள் எத்தனை? நமக்குப் பனிக்காலம் என்பது கிணறு வற்றும் சித்திரையும் வைகாசியும்தாம். அந்நாளில் வெங்காயம், பூசணி, வற்றல், பருப்பு ஆகியவற்றோடு மனநிறைவு கொள்ளுதல் வேண்டும்.

பத்து வீடுகள், ஓர் உழவர், ஒரு பருவம் எனச் சிறிதாகத் தொடங்கலாம். பணம் மட்டும் விதை வெங்காயம் வாங்கும் நாளுக்கு முன்னரே சென்று சேர்தல் வேண்டும்.