கண்ணாடித் தொட்டியும் காந்தத் துடைப்பானும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஓசூர் என்றதும் தொழிற்சாலைகளே நம் நினைவுக்கு வருகின்றன. கைக்கடிகாரம் முதல் மின்சார ஸ்கூட்டர் வரை எத்தனையோ பொருள்கள் இங்கே உருவாகின்றன. குவார்ட்ஸ் கடிகாரத்தின் முள்ளை நகர்த்துவதும், ஸ்கூட்டரின் மோட்டாரைச் சுழலச் செய்வதும் காந்தமே. அதே காந்தம் இன்று வீட்டுக் கூடத்திலும் ஒரு சிறு பணியை ஏற்றிருக்கிறது. மீன் தொட்டியின் கண்ணாடியைத் துடைக்கும் பணிதான் அது. அற்பப் பொருள்தானே என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. கருவியை வாங்குவதில் நமக்குள்ள ஆர்வம் அதைப் பேணுவதில் இல்லை என்பதற்கு இது நல்ல சான்று.

காந்தத் துடைப்பானுக்கு இரு பகுதிகள் உண்டு. சொரசொரப்பான பட்டை ஒட்டிய பகுதி தொட்டிக்குள்ளே. மென்துணி ஒட்டிய பகுதி வெளியே. வெளியே உள்ளதை நகர்த்தினால் உள்ளே இருப்பதும் உடன் நகர்ந்து பாசியை வழித்தெடுக்கும். கை நனைவதில்லை, மீன்களும் அதிகம் மிரளுவதில்லை. காந்தங்களுக்கு இடையே தூரம் கூடினால் ஈர்ப்பு விரைவாகக் குறையும். ஆகவே கண்ணாடியின் கனத்துக்கு ஏற்ற துடைப்பானை வாங்க வேண்டும். கனத்த கண்ணாடியில் வலுக்குறைந்த காந்தம் நழுவி விழும். மெல்லிய கண்ணாடியில் வலுமிக்க காந்தம் 'படார்' என ஒட்டி விரலை நசுக்கும். 1980-களின் தொடக்கத்தில் உருவான நியோடிமியம் காந்தங்கள் சிறிய உருவில் பெரும் ஈர்ப்பு உடையவை. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்கள் இதனைக் கையாளாதிருப்பதே நலம்.

இக்கருவியின் முதற்பகை மணல். கண்ணாடியின் கடினத்தன்மை மோ அளவில் ஏறத்தாழ 5.5, குவார்ட்ஸ் மணலுக்கு அது 7. எனவே ஒரே ஒரு மணல் துணுக்குப் பட்டையில் சிக்கினாலும் கண்ணாடியில் அழியாத கீறல் விழும். அடிமணலுக்கு இரண்டு விரற்கடை மேலேயே துடைப்பதை நிறுத்திவிட வேண்டும். உள்பகுதி மணலில் விழுந்துவிட்டால், வெளியே எடுத்து அலசிய பிறகே மீண்டும் ஒட்ட வேண்டும். அக்ரிலிக் தொட்டி இன்னும் மென்மையானது. அதற்கெனச் செய்த பட்டையையே பயன்படுத்த வேண்டும். கண்ணாடிகளை இணைக்கும் சிலிக்கோன் பசை மீது பட்டையை அழுத்தித் தேய்க்கலாகாது.

வேலை முடிந்ததும் உள்பகுதியைத் தொட்டியிலேயே விட்டுவிடுவது பலரது வழக்கம். இது தவறு. சோப்பு சேர்க்காமல் வெறும் நீரில் அலசி, உலர்த்தி வைக்க வேண்டும். சோப்பின் சிறு எச்சமும் மீனுக்குக் கேடு. பிளாஸ்டிக் உறையில் விரிசல் கண்டால் கருவியைத் தள்ளிவிட வேண்டும். நீர் புகுந்தால் நியோடிமியம் காந்தம் துருப்பிடிக்கும். கொதிநீரில் போட்டுத் தூய்மை செய்யவும் கூடாது. சாதாரண நியோடிமியம் காந்தம் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியசுக்கு மேல் தன் ஆற்றலை இழக்கத் தொடங்கும். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர் விட்டுச்செல்லும் வெண்படிவம் பட்டைக்கு அசையாது. நீர்மட்டத்தைச் சற்றுத் தாழ்த்தி, வினிகர் தோய்த்த துணியால் துடைத்து, பிறகு நல்ல நீரால் துடைத்தெடுத்தால் அது போய்விடும்.

இவ்வளவும் செய்தால் போதுமா? போதாது என்பதே என் கருத்து. பாசி கண்ணாடியில் காணப்பட்டாலும் அதன் வேர்க்காரணம் நீரில் இருக்கிறது. மிகுதியான வெளிச்சமும், மீன் தின்னாமல் விட்ட உணவும், கழிவிலிருந்து பிறக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதனை வளர்க்கின்றன. விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாமல், உணவை அளவோடு இட்டு, வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றினால் துடைக்கும் வேலையே பாதியாகும். குழாய்நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும். காரணத்தை விட்டுவிட்டுக் கறையை மட்டும் துடைப்பவன், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புபவனுக்கு ஒப்பாவான்.

இந்த உண்மை கண்ணாடித் தொட்டியோடு நின்றுவிடுவதில்லை. நந்தி மலையில் பிறந்து கர்நாடகத்தைக் கடந்து நம் எல்லைக்குள் வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க நிற்கும் காட்சியை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் கழிவுநீரும் அந்த ஆற்றில்தான் கலக்கிறது. சலவைத்தூளின் எச்சமும் கழிவும் சேர்ந்தால் தொட்டியாயினும் அணையாயினும் நீர் கெடும். தொட்டி கெட்டால் மீன் மட்டும் சாகும். அணை கெட்டால் அதன் நீரை நம்பிப் பயிரிடும் உழவனும் கெடுவான். நுரையை விலக்கிவிட்டு நீர் தூய்மையாயிற்று என்று கூறுவது, பாசியைத் துடைத்துவிட்டுத் தொட்டி நலம் என்று கூறுவது போலாகும். கழிவைச் சுத்திகரித்த பிறகே ஆற்றில் விடுவது கர்நாடகத்தின் கடமை. நம் ஊர்க் கழிவுக்கும் அதே விதியை நாம் கைக்கொண்டால்தான் அக்கடமையை அவர்களிடம் வலியுறுத்தும் தகுதி நமக்கு உண்டு.

நாளை நம்மில் பலர் சிப்காட் தொழிற்கூடங்களில் பணிபுரியப் போகிறோம். அங்கே இயந்திரத்தைப் பேணவும், அது வெளியேற்றும் கழிவுக்குப் பொறுப்பேற்கவும் நாம் அறிந்திருக்க வேண்டும். நண்பர்களே, அந்தப் பாடத்தை வீட்டு மீன் தொட்டியிலேயே கற்கத் தொடங்குவோமாக!